எச்சில் ஐடி

எச்சில் கையால காக்கா ஓட்டாத மொதலாளிங்க இந்த ஊருல எத்தனையோ பேரு, ஆனா எச்சில் ஐடியில ஆளு வேலைக்கு வெச்ச மொதலாளி எங்க நீர்க்கொடி மோட்டார்ஸ் மொதலாளி ஒருத்தர்தானுங்க. அந்தக் கருமத்தை இத்தனை வருசமா என்ற கையாலதான் பண்ணினேன், அதனால அதைச் சொல்ற பாத்தியதையும் எனக்குத்தான் இருக்குது.

கோயமுத்தூருக்கு வடக்கால, சத்தி ரோட்டுல, பம்புசெட்டுக்கு மோட்டார் செய்யற கம்பெனி. எனக்குப் பேரு கோகிலவாணி. கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்னு போர்டு மாட்டி, மாடிப்படிக்கு அடியில, ஆம்பளைங்க கக்கூஸுக்குப் பக்கத்துல ஒரு ரூம் குடுத்திருந்தாங்க. டிபார்ட்மென்ட்டுன்னா நான் ஒருத்திதான். புதுசா ஆளு சேர்ந்தா மெயில் ஐடி குடுக்கணும், அந்த ஐடியை எந்தெந்த குரூப்புல சேக்கணுமோ அதுல சேக்கணும். குரூப்புன்னா ஒண்ணுமில்லை, ஒரே ஒரு விலாசம், அதுக்கு ஒரு மெயில் தட்டிவிட்டா அதுல இருக்கிற அத்தனை பேருக்கும் ஒட்டுக்கா போய்ச் சேரும். ஆல் ஸ்டாஃப்னு ஒண்ணு, சேல்ஸுக்கு ஒண்ணு, டைரக்டர்களுக்கு ஒண்ணு, அப்புறமேலு குறைதீர் கமிட்டின்னு ஒண்ணு. அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன், இப்பவே சொன்னா வாயி கசந்து போகும்.

புது சர்வர் வந்த அன்னைக்கு மொதலாளி ஒரு ஜோசியரைக் கூட்டிட்டு வந்தாரு. ஜோசியர் சர்வருக்குச் சந்தனம் வெச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, இந்தக் கம்பெனிக்கு எரநூத்திப் பதினாறு ஐடிதான் ராசி, கூட்டினா ஒம்போது வருது, ஒண்ணு கூடவும் படாது, ஒண்ணு கொறையவும் படாது, நல்ல நேரத்துல பொறந்ததை அழிக்கவும் படாதுன்னு சொல்லிட்டு, தட்சிணையை மடியில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கு நல்ல நேரம் முடியறதுக்குள்ள அத்தனை ஐடியையும் விரலு வீங்க வீங்கப் போட்டேன், மொத ஐடியை என்ற பேருக்கே போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் புது ஐடிங்கிற பேச்சே கெடையாது. ஆளு போனா அந்த ஐடியில பேரை மட்டும் மாத்தி அடுத்த ஆளுக்குக் குடுத்துடணும். கல்யாண வூட்டுல ஒருத்தன் தின்னுட்டு எந்திரிச்ச இலையைத் தண்ணி தெளிச்சுத் தொடைச்சு அடுத்தவனுக்குப் போட்டா நம்ம ஒறம்பரைங்க சும்மா இருப்பாங்களா, பந்தியையே கவுத்துட மாட்டாங்க? இங்க எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்து சாப்பிட்டாங்க.

எச்சில் ஒட்ட ஆரம்பிச்சது டெஸ்பாட்ச்சுலதான். அங்க மருதாசலம்னு ஒரு மனுசன், வெத்தலை பொகையிலை இல்லாம வாயைத் தொறக்க மாட்டாரு, மாடிப்படி மூலையெல்லாம் அவரு துப்பின செகப்பு. அவரு ரிட்டயர் ஆனதும் அந்த ஐடியைப் பேரு மாத்தி எட்வின்னு புதுசா வந்தவனுக்குக் குடுத்தேன். டீ கூடக் குடிக்காதவன், சாப்பிட்டா ஓடிப்போய் பல்லு வெளக்கறவன், அவனுக்கு ஒரு வாரத்துல பல்லு செவந்துச்சு, கன்னம் உப்புச்சு, வாயில வெத்தலையே இல்லாம அதே மூலையில, அதே ஒசரத்துல, புளிச்சுன்னு துப்பினான். யாரும் ஆச்சரியப்படலைங்க. கூட்டிப் பெருக்கற பொம்பளை ஒரு பக்கெட் தண்ணி எடுத்தாந்து மூலையைக் கழுவிட்டு, "மருதாசலம் ஐடி தானே, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

அப்புறமேலு வரிசையா ஒட்டிச்சு. அக்கவுண்ட்ஸ் அம்மாவோட நகச்சுத்து புதுசா வந்தவ விரல்ல சீழு வெச்சுது. ஸ்டோர்ஸ்காரரோட சளி அடுத்தவன் தொண்டையில கரகரன்னு வந்து உக்காந்துச்சு. பல கை மாறின ஐடி ஒண்ணு இருந்துச்சு, அதை வாங்கினவன் ஒரு தடவை ஏப்பம் விட்டா பழைய ஆளுங்க அத்தனை பேரு வூட்டுக் கொழம்பும் தனித்தனியா மணத்துச்சு. சரி, எச்சில் வந்தாப்ல வேலை தெரிஞ்சவங்க புத்தியும் வருமான்னு ஆசையாப் பாத்தேன். எச்சில்தான் வந்துச்சு, புத்தி ஒரு சொட்டு வரலை.

ஊரோட ஒத்து வாழ்ங்கறாங்களே, எங்காளுங்க அதுல கெட்டிக்காரங்க. கேன்டீன் மாஸ்டர் புதுசா வர்றவங்ககிட்ட பேரு கேக்கறதை வுட்டுட்டு "எந்த ஐடிங்க?"ன்னு கேட்டு அதுக்குத் தக்கன சக்கரை போட்டாரு. எங்க ஸ்டாஃப் பொண்ணைப் பாக்க வந்த மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஜாதகத்தோட கூட, ஐடி யாருதுன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. ஆளு எடுக்கற பூபதி சார், எங்க எச்.ஆர். மேனேஜர், இன்னும் ஒரு படி மேல போயி, கூன் விழுந்தவரு ஐடியைக் கூன் விழுந்த ஆளுக்கே குடுத்தா நாக்காலி மாத்த வேண்டியதில்லைன்னு கண்டுபிடிச்சு மொதலாளிகிட்ட சபாஷ் வாங்கினாரு. பேரு மாத்தற ஒவ்வொரு வாட்டியும் எனக்கு மட்டும் வாயில எச்சில் ஊறும், துப்பணும்னு வரும், படிக்கு மேல மொதலாளி நடமாடறாரேன்னு முழுங்கிடுவேன்.

குரூப்பு கதை அதைவிட அசிங்கம். எச்சில் ஐடியிலிருந்து குரூப்புக்கு ஒரு மெயில் போனா, போய்ச் சேர்ந்த நிமிசமே அந்த எச்சில் அத்தனை பேருக்கும் ஒட்டிக்கும், பொழுது உழுகற வரைக்கும் போகாது. எட்வின் ஒரு தடவை ஆல் ஸ்டாஃபுக்கு "தீபாவளி நல்வாழ்த்துக்கள்"னு அனுப்பிச்சுத் தொலைச்சான், ஒரு ஆபீசே செவந்த வாயோட மூலை தேடிச்சு. உடனே பாதிப் பேரு என்ற ரூமுக்கு வந்து "கோகி அக்கா, என்னை அந்த குரூப்புலருந்து எடுத்துடுங்க"ன்னாங்க. மீதிப் பேரு எதுக்கு வந்தாங்கங்கறீங்க? டைரக்டர் குரூப்புல சேத்துவிடச் சொல்லி! டைரக்டர் ஒருத்தரு மெயில் போட்டா அந்த குரூப்புக்கே நெய்ப்பொங்கலும் முந்திரியுமா ஏப்பம் வருதாம், மத்தியானம் வரைக்கும் பசிக்க மாட்டேங்குதாம். அடுத்தவன் ஏப்பத்துக்குச் சிபாரிசு புடிச்சுட்டு வந்து நிக்கறாங்க, சீச்சீ.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், பின்னாடி வேணும். மருதாசலம் ஒரு தடவை ஏதோ கையெழுத்துப் போட கம்பெனிக்கு வந்தாரு. அவரு எதிர வரவும் எட்வின் வாயி தன்னால தொறந்து, அத்தனை எச்சிலும் நேரா அவரு வெள்ளைச் சட்டையில போய் விழுந்துச்சு. மாடு தன்ற கட்டுத்தறியைத் தேடிப் போறாப்ல, எச்சிலும் சொந்தக்காரனைக் கண்டா அவன்கிட்டத்தான் போகுது. மருதாசலம் கோவிச்சுக்கலை. தொட்டுப் பாத்து, "என்றதுதான்"னு சொல்லிட்டுப் போனாரு.

இனி தண்டபாணி. சேல்ஸ் மேனேஜர். அவனுக்கு மருவாதி போட்டுப் பேச எனக்கு வாயி வராதுங்க, மன்னிச்சுக்குங்க. பொம்பளைப் புள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தா, ஸ்க்ரீனைப் பாக்கறாப்ல பின்னாடி வந்து நின்னு, வலது கையைத் தோள்ல வெப்பான். ஈரமான கை, பிழியாத துணியாட்டம் சில்லுன்னு, கிராம்பு வாசத்தோட. வெச்ச எடத்துல இருக்காது, ஊரும். ஏனுங்க சார்னு கேட்டா, "அப்பன் மாதிரிம்மா, பாசந்தான்"பான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல என்ற தோள்லயும் ஊர்ந்துச்சு. வூட்டுக்குப் போய்த் தண்ணி வாத்துக்கிட்டும் கிராம்பு வாசம் போகலை.

அதுக்குத்தான் குறைதீர் கமிட்டின்னு ஒரு குரூப்பு போடச் சொன்னாங்க. மொதலாளி, பூபதி சார், அப்புறம் மூணு டைரக்டருங்க. வேலியே பயிரை மேஞ்ச கதை. புள்ளைங்க அழுதுட்டே அந்த விலாசத்துக்கு எழுதிப் போட்டாங்க, எல்லாம் போய்ச் சேர்ந்துச்சு, நான் சர்வர்ல பாத்தேனே, தொறந்து படிச்சதும் தெரிஞ்சுது. பதிலுன்னு ஒரு எழுத்து வரலை. நேர்ல போய்க் கேட்டவளுகளைப் பூபதி சார் உக்கார வெச்சு, "அவரு சுபாவம் அப்படிம்மா, பழகிடும்"னு சொல்லி அனுப்பிச்சாரு. பல பேரு வேலையை வுட்டுட்டுப் போனாங்க. தண்டபாணி வயசாகித்தான் போனான். பொன்னாடை போத்தி, மோதிரம் போட்டு, கேக்கு வெட்டி ஊட்டிவிட்டாங்க.

அவன் எடத்துக்கு வந்தவதான் சௌடேஸ்வரி, நாங்க ஈஸ்வரின்னு கூப்பிடுவோம். சிறுமுகைப் புள்ள. பேச்சுக்குப் பேச்சு "சரிங்கண்ணா, சரிங்கக்கா"ன்னு தலையாட்டற சாது. அவ அண்ணன்காரன் அவளைத் தாய்மாமனுக்குக் கட்டி வெக்க நாள் பாத்துட்டான். மாமனுக்கு மொத சம்சாரம் தவறி, அவ வயசுல ஒரு மகனே இருக்கறான். ஆயுத பூஜைக்குள்ள வேலை உறுதியானா கல்யாணப் பேச்சை நிறுத்தறேன்னு அண்ணன் வாக்குக் குடுத்திருந்தான். எங்க கம்பெனியில ஐடி இல்லைன்னா வருகை மிசினு விரலை ஏத்துக்காது, வேலைக்கான ஆர்டர் கையில வராது. காலியா இருந்தது ஒரே ஒரு ஐடி. யாருதுன்னு நான் வேற சொல்லணுமா?

பூபதி சார் ரூமுக்குப் போய் நின்னேன்.

"சார், அந்த ஐடி அந்தப் புள்ளைக்கு வேண்டாமுங்க."

"வேற காலியில்லையேம்மா."

"அதை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக்கலாமுங்க சார், எண்ணிக்கை அதேதானுங்க."

"நல்ல நேரத்துல பொறந்ததை அழிக்கறதா? மொதலாளி காதுல விழுந்தா நீயும் இல்லை, நானும் இல்லை."

"அதுல என்ன ஒட்டியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மனுசன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "என்ன, ஒரு கை. பழகிடும்மா. சாயங்காலத்துக்குள்ள பேரை மாத்திடு, இல்லைன்னா அந்தப் புள்ளையை நாளையிலிருந்து வர வேண்டாம்னு சொல்லிடறேன். அந்த எடத்துக்கு என்ற மச்சான் பையன் இருக்கான்."

வாயில ஊறினதை முழுங்கிட்டு எறங்கி வந்தேன். மாடிப்படிக்கு அடியில ஈஸ்வரி நின்னுட்டிருந்தா, எல்லாம் காதுல விழுந்திருக்குது.

"குடுத்துடுங்கக்கா. நான் கையைக் கட்டிட்டு உக்காந்துக்கறேன்."

"அது கட்டுல நிக்கற கையா அம்மிணி? உனக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறாளே, அவ தோள்ல போய் விழும். உன்னையக் கண்டா அவ நாக்காலியை நகத்துவா. உன்ற மேல சோப்புப் போடக்கூட உன்ற கையை நீ வெக்க மாட்டே. நான் ஒரு தடவை தோள்ல வாங்கினவ, எனக்குத் தெரியும்."

அவ கண்ணுல தண்ணி பொலபொலன்னு வந்துச்சு. "அப்ப எங்க மாமனையே கட்டிக்கட்டுங்களாக்கா?"

அவளை ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டு அந்த லிஸ்டை மேலிருந்து கீழ பாத்தேன். ஒவ்வொரு பேருக்கு அடியிலயும் எத்தனையோ பேரு, எச்சில் மேல எச்சில், ஈ மொய்க்காத கொறைதான். கை படாத ஐடி அந்த லிஸ்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, மொத வரியில, என்றது. அதுல என்ற பேரை அழிச்சு ஈஸ்வரி பேரைப் போட்டேன். தண்டபாணி ஐடியில அவன் பேரை அழிச்சு என்ற பேரைப் போட்டேன். எண்ணிக்கை சரியா இருந்துச்சு. பூபதி சார் எண்ணிப் பாத்துட்டு, "இதுக்குப் போயா அத்தனை பேச்சு"ன்னாரு.

ஈஸ்வரிக்கு என்ற எச்சில் ஒட்டிச்சு. சக்கரை இல்லாத டீ கேட்டா, நெஞ்சு எரியுதுன்னா, சரிங்கண்ணான்னு சொல்லி முடிச்சுட்டு வாய்க்குள்ள "கெரகம்"னு மொணங்கினா. பாத்து எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எனக்கு வந்து சேர்ந்தது என்னன்னு நீங்களே ரோசனை பண்ணிக்குங்க. காலையில எந்திரிச்சா தலகாணியில கிராம்பு வாசம். வலது கை மணிக்கட்டுலருந்து கீழ சில்லுன்னு ஊறிப் போய், அது பாட்டுக்கு நெளியும், அது பாட்டுக்கு எந்திரிக்கும், யாராவது புள்ள குனிஞ்சு எழுதினா அந்தப் பக்கமா நீளும். துண்டுல சுத்தி நாக்காலிக் கையோட கட்டினேன், தொடைக்கு அடியில போட்டு உக்காந்தேன். கூட வேலை செய்யற புள்ளைங்க, எனக்கு முறுக்கும் ஊறுகாயும் கொண்டாந்து குடுத்தவளுக, கதவுக்கு வெளிய நின்னே பேசினாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் நின்னிருப்பேன். வூட்டுல என்ற மகளுக்குச் சடை பின்னறதை நிறுத்திட்டேன். "ஏம்மா?"ன்னு கேட்டா, கை வலின்னு சொன்னேன். என்ற கையை எனக்கே வெட்டிப் போடலாம்னு இருந்துச்சு.

அந்த ஐடியை ஒரு குரூப்புலயும் சேக்கலை, அதுலருந்து யாருக்கும் ஒரு எழுத்துத் தட்டலை. தட்டினா அந்தக் கை அவங்களுக்குப் போய் ஒட்டிக்கும். யாருக்குப் போகணும்னு எனக்கு ஒரு கணக்கு இருந்துச்சு, அதுக்கு நாள்தான் வரணும்.

ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனியில அன்னைக்கு லேத்து மிசினுக்கெல்லாம் மாலை, கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனப் பொட்டு, பொரி கடலை மூட்டை மூட்டையா வரும். பூசணிக்காய் ஒடைக்கறதுக்கு ரிட்டயர் ஆன பெரிய ஆளு ஒருத்தரைக் கூப்பிடறது வழக்கம். அந்த வருசம் யாரைக் கூப்பிட்டாங்க? வேற யாரை. சாமிக்கு முன்னாடி மொத வரிசையில மொதலாளியும் பூபதி சாரும் டைரக்டருங்களும் வேட்டி கட்டி நின்னாங்க, பின்னாடி நாங்க. வாசல்ல காரு வந்து நின்னதும் பொம்பளைப் புள்ளைங்க வரிசை தன்னால செவுத்துப் பக்கம் நகந்துச்சு. ஆர்டர் வாங்கற நாளுன்னு புதுச் சேலை கட்டி வந்த ஈஸ்வரிக்கு அவன் மூஞ்சி தெரியாது, அவ மட்டும் நின்ன எடத்துலயே நின்னா.

நான் மாடிப்படிக்கு அடியில போய், சந்தனம் வெச்ச கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, குறைதீர் கமிட்டி குரூப்பை எடுத்தேன். எத்தனை புள்ளைங்க அழுகை போய் விழுந்த குழி அது. அதுக்கு, இடது கையால, "ஆயுத பூஜை வாழ்த்துகள்"னு அடிச்சு அனுப்பிச்சேன். வெளிய அஞ்சு சட்டைப் பாக்கெட்டு ஒட்டுக்கா கிணிங்குன்னுச்சு. துண்டை அவுத்துட்டு வெளிய வந்தேன்.

தண்டபாணி எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டே வந்து, ஈஸ்வரிகிட்ட நின்னான். "என்ற எடத்துக்கு வந்த புள்ள நீதானாம்மா?"ன்னு வலது கையைத் தூக்கினான். அந்தக் கை அவ தோளுக்குப் போய்ச் சேரலைங்க. அதுக்குள்ள மொதலாளியோட வலது கை எந்திரிச்சு வந்து அவன் தோள்ல விழுந்துச்சு. அடுத்தது பூபதி சார் கை, பொடனியில. அப்புறம் டைரக்டருங்க கை, முதுகுல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, கழுத்துல ஒண்ணு, அஞ்சும் ஈரமா, அஞ்சும் கிராம்பு வாசத்தோட, ஊர்ந்துச்சு. அவங்க மூஞ்சியில வேர்த்துக் கொட்டுது, கையைப் பின்னால இழுக்கறாங்க, அது வர மாட்டேங்குது. சொந்தக்காரனைக் கண்ட கையாச்சே.

தண்டபாணி சிரிச்சான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், எங்க எல்லாருக்கும் தெரியும், நாங்க அத்தனை பேரும் நாக்காலியில உக்காந்துட்டு சிரிச்ச சிரிப்பு அது. தோளைக் குறுக்கினான், நெளிஞ்சான். "என்னங்க சார் இது, எல்லாரும் பாக்கறாங்க, கையை எடுங்க"ன்னான்.

பூபதி சார் எதுவோ சொல்லத்தான் வாயைத் தொறந்தாரு, கையோட பேச்சும் சேர்ந்து ஒட்டியிருக்கும்போல. "அண்ணன் மாதிரிங்க, பாசந்தான்"னாரு.

சாமி முன்னாடி கற்பூரம் எரிஞ்சு முடிஞ்சுது. செவுத்தோரமா நின்ன புள்ளைங்க ஒண்ணொண்ணா முன்னாடி வந்தாளுக. ஈஸ்வரி அவனை மேலயும் கீழயும் பாத்தா, வாய்க்குள்ள எதையோ சேத்தா, நான் காலமெல்லாம் முழுங்கினது அத்தனையும் அவ வாயிலருந்து "த்தூ"ன்னு வந்து அவன் பட்டு அங்கவஸ்திரத்துல விழுந்துச்சு. ஆயுசுல அப்படியொரு சொகத்தை நான் கண்டதில்லைங்க.

அன்னைக்குப் பொழுதோடயே மொதலாளி கூப்பிட்டு ஜோசியர் ஓடிவந்து, எரநூத்தி இருவத்தஞ்சும் ராசிதான், அதையும் கூட்டினா ஒம்போதுதானேன்னு கண்டுபிடிச்சதும், ஈஸ்வரி கையில ஆர்டர் வந்ததும், எனக்குப் புது ஐடி வந்து கை காஞ்சு, மகளுக்குச் சடை பின்னினதும் எல்லாம் அப்புறமேலு நடந்த கதை. அந்த நேரத்துல நான் அதையெல்லாம் நெனைக்கலை. என்ற வலது கை தன்னால எந்திரிச்சுது, நான் தடுக்கலை, அஞ்சு கைக்கு நடுவுல ஒரு சந்து பாத்துப் போய் அவன் தோள்ல உக்காந்துச்சு.

அவனுக்கு ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு. திரும்பி என்னையப் பாத்தான்.

"கோகிலா, நீயாவது கையை எடும்மா."

"பழகிடுமுங்க சார்"னேன்.